அமர ஒரு நிழல், உண்ண ஓர் இலை

ஊரை விட்டு வேற்றூரில் குடியேறியவனுக்கு முதலில் வேண்டுவது எது என்று கேட்டால், வேலை என்பர் சிலர். வீடு என்பர் சிலர். அவ்விரண்டும் வாய்த்தும் மனம் ஒட்டாமல் வாடுவோரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கையில் காசு இல்லாத நாளிலும் சென்று அமர ஒரு நிழல் வேண்டும். வயிறும் மனமும் ஒருங்கே நிறைய உண்பதற்கு ஓர் இலை வேண்டும். இவை கிட்டிய பிறகே வந்த ஊர் சொந்த ஊராகத் தொடங்குகிறது. அன்று பம்பாய் என்றும் இன்று மும்பை என்றும் வழங்கும் இம்மாநகரில், மாட்டுங்கா வட்டாரத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் குடியிருக்கும் எங்களுக்கு இவ்வுண்மையைக் காட்டியவர் எங்கள் தந்தையார்.

திருவையாற்றை அடுத்த சிற்றூர் ஒன்றில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். 2017-ஆம் ஆண்டில் அன்னையார் காலமானதும், தனியே இருக்க வேண்டாமென வற்புறுத்தி அவரை இங்கே அழைத்து வந்தோம். எங்கள் வீடு மூன்றாம் மாடியில் உள்ளது. ஊரில் திண்ணையில் அமர்ந்தால் தெருவே வந்து பேசிவிட்டுப் போகும். இங்கே சன்னலருகே நின்றால் எதிர்வீட்டுச் சன்னல் ஒன்றே தெரியும். காலையில் நாங்கள் இருவரும் அலுவலகம் செல்வோம். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வர். அவர் செய்தித்தாளை இருமுறை படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருப்பார். மூன்று வாரம் பொறுத்தார். பின்னர் ஓர் இரவு உணவின்போது, "ஊருக்கு எப்போது டிக்கெட் எடுக்கப் போகிறாய்?" என்று கேட்டார். மறுநாளும் கேட்டார்.

"இங்கே என்னப்பா குறை?" என்றோம்.

"குறை ஒன்றும் இல்லை; பேச்சுத்தான் இல்லை" என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் பால் வாங்கச் சென்றவர் பத்து மணியாகியும் திரும்பவில்லை. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். கோயில்களில் தேடினோம், ரயில் நிலையம் வரை சென்று தேடினோம். சொல்லாமலே ஊருக்குப் புறப்பட்டு விட்டாரோ என்ற அச்சமும் எழுந்தது. இறுதியில் ஐந்து தோட்டங்கள் என்னும் பூங்காவில், ஒரு பெரிய மரத்தின் நிழலிலிருந்த இருக்கையில் அவரைக் கண்டோம். ஒரு பக்கம் பால் பை. மறு பக்கம் ஒரு பார்சி முதியவர். தந்தையாருக்கு இந்தியோ குஜராத்தியோ தெரியாது. அம்முதியவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அவரவர் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் முழங்கால் வலியைப் பற்றி மும்முரமாகப் பேசிக் கொண்டிருந்தனர். எங்களைக் கண்டதும் தந்தையார், "இந்த ஊரிலும் ஒரு திண்ணை இருக்கிறதே! இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. நாள்தோறும் அப்பூங்காவைக் கடந்தே செல்கிறோம். ஆனால் அதில் அமர்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்றுமுதல் தந்தையாருடன் இவ்வட்டாரத்தின் நிழல்களையும் இலைகளையும் ஒவ்வொன்றாகத் தேடிச் சென்றோம். அவற்றை இங்கே எழுதி வைக்கிறோம். முதியோரை ஊரிலிருந்து அழைத்து வந்திருக்கும் அன்பர்களுக்கு இது பயன்படக்கூடும்.

ஐந்து தோட்டங்கள்

மாட்டுங்கா என்னும் பெயர், யானையைக் குறிக்கும் மாதங்கம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவிப் பல்லாயிரவரைப் பலி கொண்டது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்கு இடங்கொடுத்தன என்று கருதிய அரசு, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு ஒன்றை அமைத்தது. அந்த டிரஸ்டு வகுத்த திட்டங்களால் உருவானவையே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் ஆகிய பகுதிகளின் அகன்ற சாலைகளும் மனைகளும். இன்று நாம் நுகரும் நிழலுக்கு அன்று இறந்தவர்களே காரணம் என்று எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கிறது.

அக்காலத்தில் மஞ்சேர்ஜி ஏதுல்ஜி ஜோஷி என்னும் பார்சிப் பொறியாளர், தம் சமூகத்தின் நடுத்தரக் குடும்பங்களுக்காக டிரஸ்டிடம் வாதாடி 103 மனைகளைப் பெற்றார். தாதர் பார்சிக் குடியிருப்பு அவ்வாறு எழுந்தது. அதன் ஓரத்தில், சாலைகள் கூடும் ஒரு வட்டத்தைச் சூழ்ந்து ஐந்து துண்டுகளாக அமைந்த பூங்கா இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வீட்டோடு நில்லாமல் மரத்தையும் அவர் நினைத்தார் என்பதற்கு அச்சாலைகளே சான்று. ஒரு சாலையில் ஒருவகை மரம், அடுத்த சாலையில் வேறு வகை என்று முறைப்படுத்தி நட்டிருக்கின்றனர். சில சாலைகளில் மரங்கள் இருபுறமும் வளர்ந்து மேலே கைகோத்து நிற்பதைக் காணலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இங்கே கூட்டம் மிகுதி. அமைதி வேண்டுவோர் வார நாள்களின் காலையில் செல்ல வேண்டும். நடைப் பயிற்சி செய்வோர் சென்ற பிறகு முதியோர் வருவர். இருக்கைக்கு ஒருவராக அமர்ந்து, சிறிது நேரத்தில் இருவராவர், மூவராவர். மொழி அங்கே தடையாக இருப்பதில்லை. தந்தையாரும் பார்சிப் பெரியவரும் அவரவர் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் குறைகூறிக் கொள்வதற்கு இருநூறு சொற்கள் போதுமாக இருந்தன.

வட்டத்திலும் பாலத்தடியிலும்

கிங்ஸ் சர்க்கிள் என்று பழைய பெயரால் நாம் இன்னும் அழைக்கும் இடத்தில் மகேஸ்வரி உத்யான் என்னும் வட்டப் பூங்கா இருக்கிறது. நாற்புறமும் வண்டிகள் சுழன்றோடுவதால் ஓசை உண்டு. ஆயினும் சுற்றிலும் உணவு விடுதிகள் இருத்தலால், உண்ணுமுன் காத்திருக்கவும் உண்டபின் இளைப்பாறவும் இதைவிட வசதியான இடம் வேறில்லை.

அதனருகே, மேம்பாலத்தின் அடியில் நானாலால் மேத்தா பூங்கா 2016-இல் திறக்கப்பட்டது. பாலம் கட்டி முடிந்ததும் அதன் அடிநிலம் வண்டி நிறுத்தவும் குப்பை கொட்டவும் பயன்படலாயிற்று. அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் ஒன்றுகூடி, அவ்விடத்தைப் பூங்காவாக்க வேண்டுமென்று மாநகராட்சியை விடாமல் வேண்டினர். பல ஆண்டுகள் காத்திருந்து பெற்றனர். நருமதை ஆற்றின் போக்கைப் போல வளைந்து செல்லும் நடைபாதை அமைத்து, அதற்கு நீல வண்ணமும் தீட்டியிருக்கின்றனர். மழைக்காலத்தில் இந்நகரின் பிற பூங்காக்களெல்லாம் நனைந்து கிடக்க, பாலமே குடையாக இங்கு மட்டும் நனையாமல் நடக்கலாம். தலைக்கு மேல் வண்டிகள் ஓடும் ஓசையைக் கேட்டுத் தந்தையார், "ஆற்றின் மேல் இடி இடிக்கிறது" என்றார்.

முழு அமைதியை நாடுவோர் சற்று வடக்கே சயான் கோட்டைக் குன்றுக்குச் செல்லலாம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் தம் எல்லையைக் காக்கப் பதினேழாம் நூற்றாண்டில் கட்டியது அக்கோட்டை. அப்பால் அன்று போர்ச்சுகீசியர் வசமிருந்த சாஷ்டித் தீவு. குன்றின் அடியில் நேருவின் பெயரால் ஒரு பூங்கா உள்ளது. ஏறும் வலிமை உள்ளவர் மேலே சென்று காற்று வாங்கட்டும். இல்லாதவர் அடியில் அமர்ந்து, ஏறுவோரைப் பார்த்துக் கொண்டிருக்கட்டும். தந்தையார் இரண்டாம் வகுப்பினர்.

இலை போட்ட இடங்கள்

நிழல் கிடைத்தபின் இலையைப் பற்றிய பேச்சு எழுந்தது. "வீட்டுச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஆனாலும் நாலு பேரோடு பந்தியில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று!" என்றார் தந்தையார். அவரை மாட்டுங்கா ரயில் நிலையத்தின் அருகிலுள்ள ராமநாயக் அவர்களின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்குக்கு அழைத்துச் சென்றோம். 1942-இல், உலகப் போர் நடந்து கொண்டிருந்த காலத்தில் தொடங்கிய விடுதி அது. மாடியேறிச் சென்று, சீட்டு வாங்கிக் காத்திருந்து, முறை வந்ததும் யாரோடும் கலந்து அமர வேண்டும். வாழை இலையில் கறி வகைகளும் பூரியும் வந்தன. பின் சோறு, சாம்பார், ரசம், தயிர் என்று வரிசையாக வந்தன. பரிமாறுபவர் போதும் என்ற சொல்லை முதல் முறை சொன்னால் கேட்பதில்லை. தந்தையார் ரசத்தை மூன்று முறை வாங்கினார். எதிரே ஒரு குஜராத்திக் குடும்பமும், பக்கத்தில் ஒரு மராட்டிய மாணவரும் அமர்ந்திருந்தனர். அம்மாணவருக்கு இலையை மடிப்பது எவ்வாறு என்று சைகையால் காட்டிக் கொடுத்ததில் ஆசிரியருக்குப் பெருமகிழ்ச்சி.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பம்பாய்வாசிகள் "மதராசிச் சாப்பாடு" என்று சொல்லும் இவ்விடுதிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவோர் தமிழர் அல்லர், தென்கன்னடத்திலிருந்து வந்தவர்கள். சாம்பாரில் வெல்லத்தின் இனிப்பு சற்றே தெரிவது அதனாலேயே. நம்மவருள் அதனைக் குறைகூறுவோர் உளர். ஆனால் 1930-களிலும் 1940-களிலும் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் வேலை பார்க்க வந்த தமிழ் இளைஞர்கள், ஓர் அறையில் நால்வராய்த் தங்கி, சமைக்க அடுப்பின்றி இருந்தபோது, அவர்களுக்கு இலை போட்டவர்கள் இவர்களே அன்றோ? கிங்ஸ் சர்க்கிள் வரை டிராம் வண்டி ஓடிய காலம் அது. 1964-இல் பம்பாயின் டிராம்கள் நின்றன. அவ்விடுதிகள் சில நிற்கவில்லை. 1936-இல் தோன்றிய கஃபே மைசூர், 1939-இல் தோன்றிய ராம் ஆஸ்ரயா, 1940-இல் தோன்றிய கஃபே மெட்ராஸ் ஆகியன இன்றும் நடைபெறுகின்றன.

ராம் ஆஸ்ரயாவில் பொழுது புலருமுன்பே காப்பி கிடைக்கும். கேசரியை இங்கே ஷீரா என்பர். அன்னாசிப்பழம் சேர்த்த ஷீரா அங்கே புகழ் பெற்றது. கஃபே மெட்ராஸில் ராகி தோசையும் நீர் தோசையும் ரச வடையும் நல்லவை. ஞாயிறு காலையில் சென்றால் தெருவில் நின்று பெயர் கொடுத்துக் காத்திருக்க நேரும். வார நாளில் பிற்பகல் சென்றால் அமைதியாக உண்ணலாம். காப்பிக்கு வேண்டிய தூளை வீட்டுக்கு வாங்கிச் செல்வோர் மைசூர் கன்சர்ன்ஸ் கடையைக் கடக்கும்போது மணமே அவர்களை நிறுத்திவிடும். பாலக்காட்டிலிருந்து வந்த மணி ஐயர் 1937-இல் தொடங்கிய மணீஸ் லஞ்ச் ஹோம், ருயா கல்லூரியின் அருகில் இருந்த காலத்தில் பல தலைமுறை மாணவர்களுக்குத் தாய்வீடாக விளங்கியது.

1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராக இந்நகரில் கிளர்ச்சி மூண்டது. உடுப்பி விடுதிகள் பல கல்லெறிக்கு ஆளாயின. அஞ்சி ஊர் திரும்பியோரும் உண்டு. ஆனால் கதவைச் சாத்தியவர்கள் மறுபடியும் திறந்தனர், இட்லி சுட்டனர். இன்று அங்கே வரிசையில் நிற்போருள் தமிழரைவிட மராட்டியரும் குஜராத்தியருமே மிகுதி. வாதத்தால் தீராத பகையில் ஒரு பங்கையேனும் தோசை தீர்த்தது என்று கூறின் மிகையாகாது.

பாதைக்கு அப்பால்

எங்கள் கட்டடத்தின் வாயிலுக்குக் காலைதோறும் ஒருவர் சைக்கிளில் இட்லியும் வடையும் கொண்டு வருவார். ரப்பர்க் குழல் ஊதி அழைப்பார். அவரிடம் பல ஆண்டுகள் இட்லி வாங்கியிருக்கிறோம், ஊர் கேட்டதில்லை. தந்தையார் முதல் நாளே, "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார்.

"தென்காசிப் பக்கம், ஐயா. இப்போது வீடு தாராவியில்" என்றார் அவர்.

சில வாரங்களில், "ஐயா ஒரு நாள் நம் வீட்டுக்கு வரவேண்டும்" என்று அழைத்தார். தந்தையார் உடனே ஒப்புக் கொண்டார். எங்களுக்கோ தயக்கம். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே ஒரு ரயில் பாதை மட்டுமே இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளில் அதனைத் தாண்டி ஒருமுறையும் அங்கே நடந்ததில்லை. அஞ்சினோம் என்பதா, இகழ்ந்தோம் என்பதா? இரண்டும் உண்டு என்பதே மெய். "ஏன் போகவில்லை?" என்று தந்தையார் கேட்டபோது தலை குனிந்தோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பலர் வந்து தாராவியில் குடியேறினர். எழுத்தர் வேலைக்கு வந்தவர்களுக்கு அகன்ற சாலையும் மரநிழலும் கிடைத்தன. கைத்தொழிலுக்கு வந்தவர்களுக்குச் சதுப்பு நிலம் கிடைத்தது. இருவர் தாய்மொழியும் ஒன்றே. தொண்ணூறு அடிச் சாலையில் நடந்தால் கடைப் பலகைகளில் தமிழைக் காணலாம். பரோட்டாக் கல்லின் ஓசையைக் கேட்கலாம். இட்லிக்காரர் வீட்டில் நள்ளிரவு கடந்ததுமே மாவு தட்டில் ஏறுகிறது. விடியுமுன் நூற்றுக்கணக்கில் இட்லி அவித்து, சைக்கிள்கள் நகரின் நாற்றிசைக்கும் புறப்படுகின்றன. இம்மாநகரின் உண்மையான சிற்றுண்டிச்சாலை அச்சைக்கிள்களே என்று அன்று உணர்ந்தோம். அவருடைய மனைவியார் தட்டில் இலை நறுக்குப் போட்டுச் சுடச்சுட இட்லியும் கெட்டிச் சட்னியும் பரிமாறினார். அதற்கு விலை கேட்கத் துணிவில்லை. பிள்ளைகளின் தமிழ் எழுத்தைத் திருத்திக் கொடுத்துத் தந்தையார் கடன் தீர்த்தார்.

திரும்பும் வழியில் அவரே எங்களை மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். தாராவிக்கும் மீட்டி ஆற்றுக்கும் இடையே, சயான்-பாந்திரா இணைப்புச் சாலையின்மேல் இருக்கிறது அது. நகரத்துக் குப்பையைக் கொட்டிய மேடு அது ஒரு காலத்தில். அதன்மேல் மண்ணிட்டு மரம் நட்டு, 37 ஏக்கர் காடாக்கி, 1994-இல் மக்களுக்குத் திறந்துவிட்டனர். பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் அங்கே மிகுதி. ஆற்றோரத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. இவ்வட்டாரத்தின் பூங்காக்களுள் மிக அமைதியானது எது என்று எங்களைக் கேட்டால் இதையே சொல்வோம். குப்பை மேடு காடாகும் என்றால், மனிதர் நடுவே நாம் போட்டு வைத்திருக்கும் வேலி ஏன் மாறாது?

பூட்டிய கதவுகள்

2020 மார்ச்சில் கொரோனா நோயினால் ஊரடங்கு வந்தது. பூங்காக்கள் பூட்டப்பட்டன, விடுதிகள் மூடப்பட்டன, சைக்கிள் குழல் ஓசை நின்றது. இட்லிக்காரர் குடும்பத்தோடு ஊருக்குச் சென்றார். தந்தையார் மீண்டும் சன்னலுக்கே திரும்பினார். நிழலும் இலையும் இல்லாத மாட்டுங்கா எங்களுக்கும் அன்னிய ஊராகவே தோன்றியது. பூங்கா திறந்த அன்று முகக்கவசத்தோடு சென்று தம் இருக்கையில் அமர்ந்தார். முதல் நாள் பார்சிப் பெரியவர் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்தார். அன்று தந்தையார் இரவு உணவில் ரசத்தை மூன்று முறை வாங்கினார். இட்லிக்காரர் திரும்பி வர மேலும் சில திங்கள் ஆயின.

அன்பர்களுக்கு ஒரு சொல். நம்முள் பலர் இன்று செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி, நவி மும்பை என்று பரந்து வாழ்கிறோம். மாட்டுங்காவின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்கு மாளிகைகள் எழுகின்றன. பூங்காவும் விடுதியும் தாமாக நிலைத்து நிற்பன அல்ல. அமர்வோர் இல்லாத பூங்கா வண்டி நிறுத்துமிடமாகும். உண்போர் இல்லாத விடுதி வேறு கடையாகும். பாலத்தடி நிலத்தைப் பூங்காவாக்கியவர்கள் நம்மைப் போன்ற குடியிருப்போரே. ஆகவே திங்களுக்கு ஒருமுறையேனும் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு நாள் பாதைக்கு அப்பாலும் செல்லுங்கள். வீட்டு முதியோரிடம், "என்ன குறை?" என்று கேட்பதைவிட, "எங்கே போய் உட்காரலாம்?" என்று கேட்பது நன்று.

தந்தையார் ஆண்டுக்கு ஒருமுறை ஊர்த் திருவிழாவுக்குச் செல்கிறார். இரண்டு மாதம் இருந்து வரச் சொன்னால், ஒரு மாதத்திலேயே டிக்கெட் எடுக்கச் சொல்லித் தொலைபேசியில் அழைக்கிறார். காரணம் கேட்டால், "பார்சிக்காரர் காத்துக் கொண்டிருப்பார்" என்கிறார்.